குழாய் மேல் ஒரு குழாய்

(சிவில் பிரிவு, இரண்டாம் ஆண்டு மாணவன் எழுதியது)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்தபோது, 'நட்பு', 'தாயன்பு', 'நேரம் பொன் போன்றது' ஆகிய தலைப்புகளை ஏற்கெனவே பத்துப் பேர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே யாரும் தொடாத ஒரு தலைப்பை நான் எடுத்துக்கொண்டேன். வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய காலத்து ரைபிளின் மேல் ஒரு தொலைநோக்கியை எப்படிப் பொருத்துவது? "இவன் சிவில் பையன் ஆச்சே, இவனுக்கு எதுக்கு இது?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிக்கலாம். கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம். தோட்டாவைப் பின்பக்கம் போட்டு மூடுகிற துப்பாக்கி பிற்காலத்தில் பரவியது. அதற்கு முன்னால் குழாயின் வாயில் மருந்தைக் கொட்டி, அதன் மேல் குண்டை வைத்து, ஒரு நீளக் கம்பியால் அடிவரை இடித்து இறக்குவார்கள். குழாயின் அடியில், பக்கவாட்டில், சின்னதாக ஒரு நிப்பிள் இருக்கும். அதன் தலையில் ஒரு கேப்பைச் செருக வேண்டும். விசையை இழுத்தால் குதிரை விழுந்து கேப்பின் மேல் அடிக்கும். கேப்பின் நெருப்பு உள்ளே போய் மருந்தைக் கொளுத்தும். 1857-இல் சிப்பாய்கள் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்க மறுத்தார்கள் என்று சரித்திரப் பாடத்தில் படித்தோமே, அந்த என்ஃபீல்டு ரைபிள் இந்த ஜாதிதான். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்துத்தான் மருந்தைக் குழாய்க்குள் கொட்ட வேண்டும். குழாயின் உள்சுவரில் சுருள் சுருளாக வரி வெட்டியிருந்தால் அது ரைபிள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு குண்டு பம்பரம் மாதிரிச் சுழன்று போவதால்தான் அது தடம் மாறாமல் போகிறது.

சரி, குறி பார்ப்பது எப்படி? குழாயின் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முள். பள்ளம், முள், குறி மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஆனால் நம் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். முள்ளைப் பார்த்தால் குறி மங்கும். குறியைப் பார்த்தால் முள் மங்கும். தொலைநோக்கி தீர்த்து வைப்பது இந்தச் சங்கடத்தைத்தான். அதன் முன் கண்ணாடி தூரத்துப் பொருளின் பிம்பத்தைக் குழாய்க்கு உள்ளேயே ஓர் இடத்தில் விழவைக்கிறது. அதே இடத்தில் குறுக்காகவும் நெடுக்காகவும் இரண்டு மெல்லிய இழைகளைக் கட்டிவிட்டால், இழையும் பிம்பமும் ஒரே தளத்தில் நிற்கும். கண்ணுக்கு ஒரே வேலைதான் மிச்சம்.

இதை முதன்முதலில் உருப்படியாக எழுதிவைத்தவர் யார் தெரியுமா? ஜான் சாப்மன் என்பவர். அவர் ஒரு சிவில் இஞ்சினியர்! நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்! யூடிகா என்ற ஊரில் மார்கன் ஜேம்ஸ் என்ற துப்பாக்கிக் கொல்லருடன் சேர்ந்து வேலை செய்து, அந்தத் தொலைநோக்கியைப் பற்றி 1844-இல் புத்தகமாக எழுதினார். பிறகு 1855-இல் சிரக்யூஸ் நகரத்தில் வில்லியம் மால்கம் என்ற கண்ணாடித் தொழிலாளி, நிறம் பிரிந்து தெரியாத கூட்டுக் கண்ணாடிகளைப் போட்டு, 3 மடங்கு முதல் 20 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கிகளைச் செய்யத் தொடங்கினார். பெருவிரல் பருமனில் ஒல்லியான குழாய். நீளமோ ஏறக்குறைய துப்பாக்கிக் குழாயின் நீளத்துக்கே போகும். முன்னால் ஒரு தாங்கி, பின்னால் ஒரு தாங்கி. குழாய் மேல் ஒரு குழாய் படுத்திருப்பது போல இருக்கும்.

மெக்கானிக்கல் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நீங்கள் தினமும் சொல்கிற 55 டிகிரி மரை, 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்தது அல்லவா? அதே விட்வொர்த் உள்ளே அறுகோணமாக இருக்கும் ஒரு ரைபிளையும் செய்தார். அதுவும் வாய்வழிதான். டேவிட்சன் என்ற ராணுவ அதிகாரி வடிவமைத்த தொலைநோக்கியை அதன் மேலே வைக்காமல் இடது பக்கத்தில் பொருத்தினார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்த ரைபிள்களைப் பயன்படுத்தினார்கள்.

முத்துப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒருவனுக்கு இதெல்லாம் எதற்குத் தேவைப்பட்டது? சொல்கிறேன்.

என் அப்பா எங்கள் ஊரில் ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறார். நாற்றங்கால், நடவு, தண்ணி பாய்ச்சுவது, தென்னந்தோப்புக் காவல் எல்லாம் அவர்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது எங்கள் வீட்டுக் கூரையும் போய்விட்டது. திரும்பக் கூரை போட முன்பணம் கொடுத்தவர் அந்தப் பண்ணையார்தான். நல்ல மனிதர், கஷ்டத்துக்கு உதவுகிறவர். அவருடைய கணக்கு நோட்டில் அப்பாவின் கைநாட்டு இன்னும் இருக்கிறது. கழிந்தது கொஞ்சம், கழியாதது நிறைய.

பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அவர் அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். "உன் மவன் இஞ்சினியருக்குப் படிக்கிறானாமே, வரச் சொல்லு" என்றார். போனேன். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ரைபிளை இறக்கி எதிரே வைத்தார். அவருடைய தாத்தா காலத்தது. முறையான லைசென்ஸ் உண்டு. பக்கத்தில் ஒரு பித்தளைத் தொலைநோக்கி. இழுத்தால் மூன்று அடுக்காக நீளும், தள்ளினால் உள்ளே போய்விடும்.

"இதை இது மேல மாட்டணும். சினிமாவுல வர்ற மாதிரி இருக்கணும். ஒரு தேங்காயை வெச்சு ஒரே ஒரு தடவை சுட்டுப் பாக்கணும், அவ்வளவுதான் ஆசை. குழாயில ரெண்டு ஓட்டை, ரெண்டு கிளாம்பு. உங்க காலேஜு ஒர்க் ஷாப்புல முடியாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் திண்ணை ஓரம் நின்ற அப்பா, "முடியுங்கய்யா. தம்பி செஞ்சிடும்" என்றார்.

நான் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "அளந்து பாத்துட்டுச் சொல்றேங்கய்யா" என்றேன். நம் ஆசிரியர்கள் முதல் வருஷத்திலிருந்து அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தது அதுதானே! வரைபடம் இல்லாமல் உளியைத் தொடாதே, அளவு இல்லாமல் வரைபடத்தைத் தொடாதே.

நிப்பிளில் கேப்பு இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டேன். குழாயின் வாயை ஆளில்லாத கொல்லைப் பக்கம் திருப்பி வைத்தேன். நானும் அதற்கு நேரே போகவில்லை. வெளி நீளம், வாயின் அகலம், முன் முள்ளின் உயரம் எல்லாம் அளந்தாயிற்று. குழாயின் அடி எந்த இடத்தில் வருகிறது என்று தெரிந்தால்தான் தாங்கியை எங்கே வைக்கக்கூடாது என்று தெரியும். அதற்காகக் கம்பியை வாய்வழியாக மெதுவாக உள்ளே விட்டு, நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். பிறகு கம்பியை உருவி, குழாயின் வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தேன். கம்பியின் நுனி நிப்பிள் வரை வந்திருக்க வேண்டும். மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றது.

இன்னொரு தடவை அளந்தேன். அதே மூன்று அங்குலம்.

"அடியில என்னமோ இருக்குங்கய்யா" என்றேன்.

"தூசியா இருக்கும். குளவி கூடு கட்டியிருக்கும். எங்கப்பா காலத்துலேயே அதை யாரும் தொட்டதில்ல."

"அதாங்கய்யா பயம். அதுக்கு முன்னாடி கெட்டிச்சது அப்படியே கிடந்தா? ஈரம் படாம இருந்தா அந்த மருந்து எத்தனை வருஷம் ஆனாலும் சாகாதுன்னு சொல்வாங்க. தெரிஞ்ச ஆளு வந்து பாக்குற வரைக்கும் யாரும் இதைத் தொட வேணாங்கய்யா."

அவருக்கு முகம் கொஞ்சம் மாறியது. துப்பாக்கியைத் திரும்ப மாட்டச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும்போது வாய்க்கால் கரையில் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "கணக்கு அவருகிட்ட இருக்கு தம்பி. ரெண்டு ஓட்டைதானே கேட்டாரு. போட்டுக் குடுத்துட்டா என்ன?" என்றார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு தாளில் எழுதிய அளவுகள் மட்டும்தான்.

லீவு முடிந்து கல்லூரிக்கு வந்ததும் நேரே சர்வே லேபுக்குப் போனேன். துப்பாக்கித் தொலைநோக்கியும் நம் தியோடலைட்டும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டிலும் குறுக்கிழை உண்டு. அந்த இழைகளைத் தாங்கும் வளையத்தைத்தான் நாம் டயாபிரம் என்கிறோம். பழைய காலத்தில் சிலந்தி நூலையே இழையாகக் கட்டினார்களாம். கண்ணை மேலும் கீழும் அசைத்தால் இழை குறியை விட்டு நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லி லேபில் உயிரை எடுப்பார்களே, அந்த இடமாறு தோற்றப் பிழைதான் துப்பாக்கிக்காரனுக்கும் எதிரி. இழை பிம்பம் விழும் இடத்தில் சரியாக இல்லாவிட்டால், கண் நகர்ந்த அளவுக்குக் குறியும் நகரும்.

அங்கேதான் எங்கள் சர்வே ஆசிரியர் ஒரு சம்பவத்தைச் சொன்னார். அது நம் தஞ்சாவூரில் நடந்தது.

வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் தரையில் ஒரு கோட்டை அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கத் தொடங்கினார். அவருடைய தியோடலைட் நாம் தோளில் தூக்குகிற மாதிரி இல்லை. லண்டனில் கேரி என்பவர் செய்தது. எடை ஏறக்குறைய அரை டன்! கோணம் படிக்கும் வட்டத் தகட்டின் குறுக்களவு மட்டும் 36 அங்குலம். கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு, இது விஞ்ஞானக் கருவி என்று தெரிந்து மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்கள்.

நம் காவிரிப் பக்கம் எங்கு பார்த்தாலும் வயல். ஒரு குன்று கிடையாது. உயரம் வேண்டுமென்றால் கோயில்தான். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் 216 அடி விமானத்தின் மேல் அந்தத் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் ஒரு கயிறு அறுந்தது. கருவி போய்ச் சுவரில் மோதியது. வட்டத் தகடு வளைந்துவிட்டது. வட்டம் வளைந்தால் கோணம் பொய். கோணம் பொய்யானால் முக்கோணம் எல்லாம் பொய்.

லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். கைதேர்ந்த தொழிலாளிகளைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. கருவியை முழுவதும் பிரித்தார். ஒரு பெரிய தட்டையான பலகையில் தேவையான அளவுக்கு வட்டம் வெட்டினார். ஆப்பு, திருகு, கப்பி வைத்து, தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வட்டத்துக்குள் வரும்வரை இழுத்தார். வளைந்த ஆரக்கால்களைச் சின்ன மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம்! அதன் பிறகும் பல வருஷங்கள் அதே கருவி வேலை செய்தது. அவர் தொடங்கிய அளவைதான் வளர்ந்து வளர்ந்து, 1856-இல் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கும் இடம்வரை போனது.

"அவர் ஆறு வாரம் எதைச் சரிசெஞ்சார், பாத்தியா?" என்று ஆசிரியர் கேட்டார். கண்ணாடியை அல்ல. கண்ணாடி உட்கார்ந்திருக்கும் இடத்தை! எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஊர்ப் பிரச்சினையும் அதேதான். பித்தளைத் தொலைநோக்கி பளபளவென்று இருக்கிறது. அது உட்காரப்போகிற குழாய் அதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

ஹாஸ்டலில் மெக்கானிக்கல் நண்பன் ஒருவனுடன் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முன் தாங்கிக்கும் பின் தாங்கிக்கும் இடையே 75 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பின் தாங்கி 1 மில்லிமீட்டர் மேலே போனால், 100 மீட்டரில் குறி 13 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். மயிரிழை என்று சொல்கிற 0.1 மில்லிமீட்டருக்கே 1.3 சென்டிமீட்டர். அதனால்தான் பழைய தொலைநோக்கிகளில் பின் தாங்கியைத் திருகு வைத்து மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தும்படி செய்தார்கள். குண்டு போகப் போகக் கீழே இறங்கும். அதனால் தூரம் கூடக் கூடப் பின் தாங்கியை உயர்த்த வேண்டும். பின்னால் உயர்த்தினால் குழாயின் வாய் கொஞ்சம் மேலே பார்க்கும். அப்பா வயலில் பரம்பு அடித்துத் தண்ணீர் கட்டி மட்டம் பார்ப்பார். ஒரு மூலை விரல் உயரம் ஏறியிருந்தாலும் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அந்தத் தண்ணீரின் வேலையைக் குறி செய்கிறது. தாங்கி ஆடிக்கொண்டிருந்தால் எவ்வளவு பெரிய சுடுகாரனாக இருந்தாலும் 'ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்' கதைதான். இங்கே கூடம் நிஜமாகவே கோணல்!

எல்லாவற்றையும் ஒரு டிராயிங் ஷீட்டில் படத்தோடு தெளிவாக எழுதினேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று. கையில் பிடித்துப் பார்க்கிற தொலைநோக்கியில் கண்ணைக் கிட்டத்தட்ட ஒட்டவைத்துத்தான் பார்க்க முடியும். துப்பாக்கி வெடித்தால் பின்னால் உதைக்கும். அந்தப் பித்தளை விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். துப்பாக்கிக்கென்று செய்த தொலைநோக்கியில் கண் இரண்டு மூன்று அங்குலமாவது தள்ளி இருக்கும்படி கண்ணாடியை அமைத்திருப்பார்கள்.

இரண்டு. அடுக்கடுக்காக நீளும் குழாய் ஒவ்வொரு உதைக்கும் உள்ளே நகரும். உள்ளே குறுக்கிழையும் கிடையாது. இழை கட்டினாலும் அது அளவு மாறாமல் நிற்காது.

மூன்று. பழைய முறையில் தாங்கி வைப்பவர்கள் முடிந்தவரை குழாயில் புது ஓட்டை போடுவதில்லை. முள்ளும் பள்ளமும் உட்கார்ந்திருந்த டவ்டெயில் காடியில் அவற்றைத் தட்டி எடுத்துவிட்டுத் தாங்கியின் அடியைச் செருகுவார்கள். இந்த ரைபிளில் முள்ளைப் பற்றவைத்திருக்கிறார்கள், காடி இல்லை. ஓட்டைதான் போட வேண்டும். பழைய குழாய்கள் பல, இரும்புப் பட்டையைச் சூடாக்கிச் சுற்றி, அடித்து ஒட்டியவை. தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் நாயக்கர் காலத்துப் பெரிய பீரங்கியும் அப்படித்தான், இரும்புப் பட்டைகளும் வளையங்களும் சேர்த்து அடித்துச் செய்தது. ஒட்டு எங்கே பலம், எங்கே பலவீனம் என்று வெளியே பார்த்தால் தெரியாது. வெடிக்கும்போது அழுத்தம் அதிகம் இருப்பது குழாயின் அடியில்தான். பின் தாங்கிக்கு ஓட்டை போடச் சொன்ன இடமும் அதுவேதான்.

நான்கு. துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருந்தால் போதாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் மாற்றி அமைக்கும் தொழிலுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். நம் ஒர்க் ஷாப்புக்கு அது கிடையாது.

ஐந்து. குழாயின் அடியில் மூன்று அங்குலத்துக்கு ஏதோ இருக்கிறது. மருந்தாக இருக்கலாம். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கொல்லர் பார்க்கும்வரை இதில் ஓட்டை, சூடு, சுத்தியல் எதுவும் கூடாது.

கீழே பெயர் எழுதி, பிரிவு எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனேன். பண்ணையார் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து யாரோடது? வாத்தியாரோடதா?"

"என்னோடதுங்கய்யா."

"தப்பா இருந்தா?"

"அளவு எல்லாம் அதுல இருக்குங்கய்யா. யாரை வேணா விட்டு அளந்து பாக்கச் சொல்லுங்க."

ஷீட்டை நாலாக மடித்து, மேஜை மேல் இருந்த கணக்கு நோட்டுக்குள் வைத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்பா திண்ணை ஓரம் நின்றுகொண்டே இருந்தார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

பத்து நாள் கழித்து ஹாஸ்டலுக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. லைசென்ஸ் உள்ள கொல்லர் ஒருவரை வெளியூரிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். அவர் திருகு முனை வைத்த கம்பியால் அடியில் இருந்ததை வெளியே எடுத்திருக்கிறார்.

"குண்டு இருந்துச்சு தம்பி. கோலிக்குண்டு கணக்கா. அதுக்குக் கீழ மருந்து, கறுப்பா, உலந்து போயி. ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில போட்டுப் பத்தவெச்சுக் காட்டுனாரு. பொசுக்குனு எரிஞ்சிடுச்சு."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அந்தச் சுவருக்குக் கீழேதான் பண்ணையாரின் பேரப்பிள்ளைகள் பாய் போட்டுப் படுப்பார்கள். ஓட்டை போட்டிருந்தால் அந்த இடத்தில்தான், என் கையால்தான் போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு பண்ணையார் தொலைநோக்கியைத் துப்பாக்கியில் மாட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டார். "இதுக்கு ஒரு ஸ்டாண்டாவது செஞ்சு குடு" என்றார். அது நம்மால் முடிகிற வேலை. அனுமதி வாங்கி, நம் தச்சுப் பிரிவில் மூன்று காலோடு ஒரு ஸ்டாண்டு செய்தேன். தலையில் ஒரு பூட்டுத் திருகு, தொலைநோக்கி படுப்பதற்கு உள்ளே கம்பளித் துணி ஒட்டிய ஒரு தொட்டில். கொண்டுபோய் மொட்டை மாடியில் வைத்துக் கொடுத்தேன். 600 ரூபாய் கூலி என்றார். "அப்பா கணக்குல கழிச்சுக்கவா?" என்று கேட்டார். "இல்லீங்கய்யா, கையில குடுங்க" என்றேன். கொடுத்தார். அப்பாவின் கடனை அப்பா தன் உழைப்பால் கழித்துக்கொண்டிருக்கிறார். இது என் வேலைக்கு வந்த கூலி.

குளிர் காலத்தில் முத்துப்பேட்டைக் காயலுக்கும் அலையாத்திக் காட்டுக்கும் வெளியூர்ப் பறவைகள் வரும். கோடியக்கரையோடு சேர்த்து 2002-இல் ராம்சார் பட்டியலில் வந்த இடம் அது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி அவற்றைச் சுடுவது குற்றம், பார்ப்பது குற்றமில்லை. சாயங்காலம் வரிசையாகப் போகும் பறவைகளை இப்போது பண்ணையார் மாடியில் இருந்து பார்க்கிறார். ஒருநாள் அப்பாவையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாராம். அப்பா பறவையைப் பார்க்கவில்லை. தான் நட்ட வயலைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாராம்.

நண்பர்களே! நம்மில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்தவர்கள். ஊரில் ஃபேன் ஓடாவிட்டாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள், பம்புசெட் நின்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். "படிக்கிற பையன், செஞ்சிடுவான்" என்று நம் அப்பா அம்மாவே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். அந்தப் பெருமையைக் கெடுக்கக்கூடாது என்று பயந்து தலையாட்டுவதும் ஆபத்து, எல்லாம் தெரியும் என்று வீறாப்பாக இறங்குவதும் ஆபத்து. பழைய துப்பாக்கி மாதிரி, பார்க்கச் சும்மா இருக்கிற பொருளுக்குள்ளும் எவனோ எப்போதோ கெட்டித்தது கிடக்கும்.

ஆகவே யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் முதலில் கம்பியை உள்ளே விடுங்கள், சாக்பீஸால் கோடு போடுங்கள், வெளியே வைத்துப் பாருங்கள். உள் அளவும் வெளி அளவும் ஒத்துப்போனால் 'முடியும்' என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஒத்துப்போகாவிட்டால் 'முடியாது' என்று எழுதி, அடியில் உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொடுங்கள். டிப்ளமோ என்ற சான்றிதழ் அடுத்த வருஷம்தான் கையில் கிடைக்கும். அந்தக் கையெழுத்தை இன்றைக்கே போடலாம்.